கணிப்பும் கடமையும்: பேரிடர் முன்னறிவிப்பில் அறிவியலாளரின் சட்டப் பொறுப்பு – நெய்வேலியை முன்வைத்து

சிக்கலின் எல்லை

2015ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நெய்வேலியில் மட்டும் 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. கடலூர் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய இந்த நீர் ஒரே நாளில் இறங்கியபோது, பண்ருட்டி வட்டத்துப் பெரியகாட்டுப்பாளையம், விசூர் போன்ற ஊர்களில் ஓடைகள் கரையுடைத்து வீடுகளையும் மனிதர்களையும் அடித்துச் சென்றன. கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதும் அது தமிழகக் கரையை நோக்கி வருவதும் முன்னரே தெரிந்தவையே. எந்த ஊரின் மேல், எந்த இரவில், எத்தனை சென்டிமீட்டர் என்பதே தெரியாதிருந்தது. இவ்வாறு ஓரளவு தெரிந்தும் ஓரளவு தெரியாமலும் நேர்கிற உயிரிழப்புக்கு முன்னறிவிப்பு செய்யும் அறிவியலாளரைச் சட்டத்தின்முன் நிறுத்த முடியுமா, நிறுத்துவது முறையா என்ற கேள்வி உலகின் பல நாடுகளில் நீதிமன்றம் வரை சென்றுள்ளது. தமிழ்நாட்டில் அது ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் அரசியல் குற்றச்சாட்டாக எழுந்து, விடை காணாமலே அடங்கிவிடுகிறது.

இக்கேள்வியை ஆராய்வதற்கு நெய்வேலி பொருத்தமான களம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் உள்ளே நீரையும் மண்சரிவையும் முன்கூட்டியே எதிர்நோக்குவது சட்டம் விதித்த கடமையாக இருக்கிறது. அதே சுரங்கத்தின் விளிம்புக்கு வெளியே, அதே மழை பெய்யும் கிராமத்தில், அத்தகைய கடமை எவர் மீதும் அவ்வளவு தெளிவாகச் சுமத்தப்படவில்லை. இவ்விரு நிலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சட்டம் தண்டிக்கத்தக்கது கணிப்பு பொய்த்ததை அன்று, கணிப்பைச் சூழ்ந்துள்ள கடமைகள் கைவிடப்பட்டதையே என்பது புலப்படும். அந்த வேறுபாட்டை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாக்விலா வழக்கு உணர்த்துவது

அறிவியலாளரை நீதிமன்றத்தில் நிறுத்திய நிகழ்வுகளில் உலகெங்கும் பேசப்பட்டது இத்தாலியின் லாக்விலா நகரத்து வழக்கு. 2009 ஏப்ரல் 6 அன்று அதிகாலை 3.32 மணிக்கு ஏற்பட்ட 6.3 அளவுள்ள நிலநடுக்கத்தில் 309 பேர் உயிரிழந்தனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே சிறு அதிர்வுகள் தொடர்ந்துவந்ததால் மக்கள் அச்சத்தில் இருந்தனர். ரேடான் வாயுவின் அளவைக் கொண்டு பெரிய நிலநடுக்கம் வரும் என்று ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர் அறிவித்துவந்தது அந்த அச்சத்தைக் கூட்டியது. இந்நிலையில் பேரிடர் அபாயங்கள் குறித்து அரசுக்கு ஆலோசனை கூறும் தேசியக் குழு மார்ச் 31 அன்று லாக்விலாவில் கூடியது. கூட்டத்தையொட்டி, மக்கள் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவராக இருந்த பெர்னார்டோ டி பெர்னார்டினிஸ் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், சிறு அதிர்வுகள் நிலத்தினுள் சேர்ந்த ஆற்றலைத் தொடர்ந்து வெளியேற்றிவிடுவதால் நிலைமை சாதகமானது என்ற பொருள்படப் பேசினார். இக்கருத்துக்கு நிலநடுக்கவியலில் ஆதாரம் கிடையாது.

2012 அக்டோபர் 22 அன்று நீதிபதி மார்கோ பில்லி, அக்கூட்டத்தில் பங்கேற்ற ஆறு அறிவியலாளருக்கும் டி பெர்னார்டினிஸுக்கும் தலா ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார். நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லத் தவறியதற்காக அறிவியலாளர்கள் சிறை செல்கிறார்கள் என்று உலகம் முழுவதும் எழுந்த கண்டனம், வழக்கின் உள்ளடக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு. அரசுத் தரப்பு வைத்த குற்றச்சாட்டு வேறு: அபாயத்தை மேலோட்டமாக மதிப்பிட்டார்கள், மக்களுக்கு ஆதாரமற்ற ஆறுதல் கிடைக்கச் செய்தார்கள், அதனால் அதிர்வு வந்தால் வீட்டைவிட்டு வெளியேறித் திறந்தவெளியில் தங்கும் தலைமுறைப் பழக்கத்தைச் சிலர் அன்றிரவு கைவிட்டு வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள் என்பதே அது. 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு அறிவியலாளரையும் விடுவித்து, டி பெர்னார்டினிஸின் தண்டனையை இரண்டாண்டாகக் குறைத்தது. 2015 நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதிசெய்தது. அறிவியலாளர் தம் துறை அறிந்த அளவில் பேசியது குற்றமாகவில்லை. அறிவியல் தராத உறுதியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்த நிர்வாகியின் செயலே குற்றமாக எஞ்சியது.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் இப்பொருளை நேரடியாகத் தொடும் சட்டம் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் 73ஆம் பிரிவு, நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயலுக்காக அரசு அதிகாரிகள் மீது வழக்குத் தொடர்வதைத் தடுக்கிறது. 74ஆம் பிரிவு இன்னும் குறிப்பானது: வரவிருக்கும் பேரிடர் குறித்து மத்திய, மாநில அரசு அலுவலரும் பேரிடர் மேலாண்மை ஆணையங்களின் அலுவலரும் தம் பதவியின் பேரில் வெளியிடும் எச்சரிக்கைக்காகவும், அதன் தொடர்ச்சியாக எடுக்கும் நடவடிக்கைக்காகவும் அவர்களுக்குச் சட்ட நடவடிக்கையிலிருந்து விலக்களிக்கிறது. லாக்விலாவில் நடந்தது போன்ற வழக்கு, வெளியிடப்பட்ட எச்சரிக்கையைப் பற்றியதாக இருந்தால், இந்தியாவில் முதல் படியிலேயே நின்றுவிடும்.

எனினும் இப்பிரிவின் வாசகத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். அது பாதுகாப்பது வெளியிடப்பட்ட எச்சரிக்கையை. வெளியிடப்படாத எச்சரிக்கையைப் பற்றி அது வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. கையில் தகவல் இருந்தும் அறிவிக்காமல் இருந்தவர், 74ஆம் பிரிவின் நிழலில் ஒதுங்க முடியாமல், 73ஆம் பிரிவின் நல்லெண்ணத்தையே துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும். மறுபுறம், 56ஆம் பிரிவு சட்டம் சுமத்திய கடமையைச் செய்ய மறுக்கும் அல்லது அதிலிருந்து விலகும் அதிகாரிக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கிறது. ஆனால் அது மறுப்பையும் விலகலையும் குறிக்கிறதே தவிர, கடமையை அசட்டையாகச் செய்ததைக் குறிக்கவில்லை. அப்பிரிவின்கீழ் வழக்குத் தொடர அரசின் முன் அனுமதியும் தேவை. பொய்யான அபாய அறிவிப்பைப் பரப்பிப் பீதியை உண்டாக்குவோருக்கு 54ஆம் பிரிவு ஓராண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது. ஆக, மிகையாக எச்சரிப்பவரை எண்ணித் தண்டனைப் பிரிவு எழுதிய சட்டம், குறைவாக எச்சரிப்பவர் குறித்து ஏறத்தாழ மௌனமாக இருக்கிறது.

பொதுக் குற்றவியல் சட்டத்தின் வழி இதைவிடக் கடினமானது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது இந்திய தண்டனைச் சட்டத்தில் 304அ பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவாகியுள்ளது. இக்குற்றத்தில், மரணத்துக்கு நேரடியானதும் உடனடியானதுமான காரணம் குற்றம்சாட்டப்பட்டவரின் செயலே என்று நிறுவப்பட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1965ஆம் ஆண்டின் குர்பான் உசேன் வழக்கில் வலியுறுத்தியது. முன்னறிவிப்பாளருக்கும் இறந்தவருக்கும் இடையில் மாவட்ட நிர்வாகம், உள்ளூர் அலுவலர், ஊடகம், ஏரியின் மதகு, வீடு கட்டப்பட்ட இடம், இறந்தவரின் சொந்த முடிவு எனப் பல கண்ணிகள் குறுக்கிடுவதால், இந்த நேரடித் தொடர்பை மெய்ப்பிப்பது அரிது. 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ வழக்கில் மருத்துவர்களின் குற்றவியல் பொறுப்புக்கு அதே நீதிமன்றம் வகுத்த அளவுகோலும் இங்கே பொருந்தும்: தொழில் வல்லுநர் ஒருவரின் முடிவு தவறாகிப்போனது மட்டும் குற்றமாகாது, அத்துறையில் சாதாரணத் திறனுள்ள எவரும் செய்யத் துணியாத அளவுக்கு மோசமான அசட்டை இருக்க வேண்டும், வழக்குத் தொடருமுன் அதே துறையைச் சேர்ந்த நடுநிலையாளரின் கருத்தும் பெறப்பட வேண்டும்.

மழைக் கணிப்பின் இயல்பு

மழை முன்னறிவிப்பின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அதன் தவறைத் தீர்ப்பிட இயலாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளில் பெய்யும் மழையை வகைப்படுத்தும்போது, 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை என்றும், 12 முதல் 20 வரை மிகக் கனமழை என்றும், அதற்கு மேற்பட்டதை அதி கனமழை என்றும் குறிக்கிறது. எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையின் தீவிரத்தை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்கள் உணர்த்துகின்றன. கடைசி வகைக்கு மேல்வரம்பு இல்லை என்பது இந்த ஏற்பாட்டில் பலரும் கவனிக்காத கூறு. 21 சென்டிமீட்டரும் அதி கனமழை. நெய்வேலியின் 48 சென்டிமீட்டரும் அதி கனமழை. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான ஒரு நாளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான 95 சென்டிமீட்டரும் அதே அதி கனமழைதான். முதல் அளவில் தெருக்களில் நீர் தேங்கும். கடைசி அளவில் ஏரிகள் உடைந்து ஊர்கள் தனித்தீவுகளாகும். இரண்டுக்கும் நிறம் ஒன்றே.

இரண்டாவது வரம்பு, இடத்தைப் பற்றியது. எச்சரிக்கை மாவட்ட அளவில் வெளியாகிறது. மேகக்கூட்டம் சில பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்குள் ஒரே இடத்தில் நின்று பொழிவது கணினி மாதிரிகளுக்கு இன்னும் எளிதில் பிடிபடாத நிகழ்வு. 2015இல் நெய்வேலியில் 48 சென்டிமீட்டர் பெய்த அதே நாளில், மாவட்டத்தின் வேறு பல இடங்களில் அதைவிட வெகுவாகக் குறைந்த மழையே பெய்தது. ஆகவே மாவட்டம் முழுமைக்கும் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் பெரும்பாலான ஊர்களின் மக்கள், தம் ஊரில் ஒன்றும் நடக்கவில்லையே என்று கருதுவது இயல்பு. அடுத்த சிவப்பு எச்சரிக்கையை அவர்கள் நம்புவது அதனால் குறைகிறது.

காயல்பட்டினத்து மழையை ஒட்டி எழுந்த வாதம் இவ்வரம்புகளைப் பற்றியதாக அமையவில்லை. வானிலைத் துறையின் எச்சரிக்கை தாமதமாக வந்தது, பெய்த மழை முன்னறிவித்ததைவிடப் பன்மடங்கு என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கூறினார், டிசம்பர் 12ஆம் தேதியிலிருந்தே முன்னறிவிப்பு தரப்பட்டுவந்தது என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மறுத்தார். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபின், முன்பே எச்சரித்தோம் என்ற மத்திய உள்துறை அமைச்சருக்கும், கிடைத்த எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்தைத் தாண்டவில்லை என்ற கேரள முதலமைச்சருக்கும் இடையே இதே வடிவிலான சர்ச்சை மூண்டது. இரண்டு நிகழ்விலும் இரு தரப்பும் ஓரளவு உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும். ஒரு வாரத்துக்கு முன் தரப்பட்ட பொதுவான முன்னறிவிப்பும், சில மணி நேரத்துக்கு முன் வந்த சிவப்பு எச்சரிக்கையும் வெவ்வேறு பயனுடையவை. எந்தக் காலக்கெடுவில் எந்தத் துல்லியத்தை எதிர்பார்க்கலாம் என்ற பொது அளவுகோல் எழுதி வைக்கப்படாதவரை, யார் தவறினார் என்பதை எவராலும் நிறுவ முடியாது.

எச்சரிக்கை உரியவரைச் சென்றடையாமைக்கு ஒக்கி புயல் மிகக் கொடிய எடுத்துக்காட்டு. 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த அது, மறுநாள் காலையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே புயலாக வலுப்பெற்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் அப்புயல் குறித்த எச்சரிக்கைகளுக்கு முன்பே கரையிலிருந்து வெகுதூரம் சென்றிருந்தனர். கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு, ஏற்கெனவே கடலில் இருப்பவருக்குப் பொருளற்றது. படகுகளில் இருந்த தொலைத்தொடர்புக் கருவியின் எட்டும் தூரத்தைத் தாண்டியிருந்தவருக்கு அந்த அறிவிப்பைச் சேர்ப்பிக்கும் வழியும் இல்லை. இங்கே விடுபட்டது கணிப்பு மட்டும் அன்று, கணிப்பைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை, வானிலை ஆய்வாளரின் மேசையில் இல்லை.

சுரங்கத்தினுள் எதிர்நோக்கும் கடமை

இனி நெய்வேலியின் சுரங்கத்துக்குள் பார்வையைச் செலுத்தலாம். தம் நிலத்துக் கிணற்றில் நீரோடு கறுப்புப் பொருள் வருவதை ஜம்புலிங்க முதலியார் கண்டறிந்ததில் தொடங்கி, 1956இல் நிறுவனமாகி, 1961இல் முதல் முறையாகப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது வரையிலான நெய்வேலியின் தொடக்க வரலாறு, பெருமளவுக்கு நிலத்தடி நீரை எதிர்கொண்ட வரலாறே. இங்கே நிலக்கரிப் படுகைக்கு மேலே பல பத்து மீட்டர் கனத்தில் மண்ணும் மணற்கல்லும் இருக்க, படுகைக்குக் கீழே மிகுந்த அழுத்தத்தில் அடைபட்ட நீர் இருக்கிறது. மேலிருக்கும் பாரம் நீக்கப்பட்டால், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் என்ற அளவில் மேல்நோக்கித் தள்ளும் அந்த நீர், சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு பீறிட்டுவிடும். ஆகவே சுரங்கம் வெட்டப்படும் இடத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தை நிலக்கரியின் அடிமட்டத்துக்குக் கீழே தணித்து வைக்கிறார்கள். கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் தொடர்ந்து அளக்கப்படுகிறது. எந்த நாளில் தரை பிளக்கும் என்று இங்கே எவரும் ஆரூடம் சொல்வதில்லை. அது பிளக்காதிருக்கும் நிலைமையை அளவீட்டாலும் இறைப்பாலும் நாள்தோறும் காத்துவருகிறார்கள்.

சுரங்கச் சட்டமும் இதே தருக்கத்தில் எழுதப்பட்டது. 1952ஆம் ஆண்டின் சுரங்கங்கள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் முதலில் 1957இலும் பின்னர் 2017இலும் வெளியாயின. வெள்ளம் எப்போது வரும் என்று சொல்லும்படி அவை சுரங்க மேலாளரைக் கேட்பதில்லை. சுரங்கத்தின் நுழைவாய் அவ்விடத்தில் அறியப்பட்ட மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்குக் குறைந்தது 1.5 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது போன்ற அளவிடத்தக்க கட்டளைகளைத் தருகின்றன. திறந்தவெளிச் சுரங்கத்தில் படிக்கட்டு வடிவில் வெட்டப்படும் அடுக்குகளின் உயரம், அகலம், சரிவு, குவித்துவைக்கும் மேல்மண்ணின் சாய்வு ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. விபத்து நேர்ந்தால், மத்திய அரசு விசாரணை மன்றம் அமைக்க அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு இடமளித்தது.

இதன் விளைவாக, பேரழிவு நேர்ந்தபின் கேட்கப்படும் கேள்வி தெளிவாகிறது. 1975 டிசம்பர் 27 அன்று இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்துச் சாஸ்னாலா சுரங்கத்தில், நீர் தேங்கியிருந்த பழைய பகுதி உடைந்து வெள்ளம் புகுந்து 375 பேர் இறந்தனர். அந்த நீரின் உடைப்பு நிகழும் நேரத்தை முன்னுரைத்தார்களா என்பது விசாரணையின் பொருளாக இருக்கவில்லை. நீர் இருப்பது தெரிந்த இடத்துக்கும் வேலை நடந்த இடத்துக்கும் நடுவே விதித்த முன்னெச்சரிக்கைகள் கடைப்பிடிக்கப்பட்டனவா என்பதே பொருள். முன்னாள் அதிகாரிகள் இருவர் குற்றவாளிகள் என்று தன்பாத் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 36 ஆண்டு தாமதம் நீதியின் பயனைப் பெரிதும் குறைத்துவிட்டது உண்மை. எனினும் கேட்கப்பட்ட கேள்வி சரியானது. 2016 டிசம்பர் 29 அன்று ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண் சரிந்து 23 பேர் இறந்தபோதும் ஆராயப்பட வேண்டியிருந்தது இதே வகைக் கேள்விதான்.

சுரங்க விளிம்புக்கு அப்பால்

சுரங்கத்தின் விளிம்பைத் தாண்டியவுடன் இந்தத் தெளிவு மறைகிறது. நெய்வேலியைச் சுற்றியுள்ள நிலத்தில் மழைநீர் ஓடும் வழி இன்று முழுவதும் இயற்கையானதன்று. வெட்டியெடுத்த மேல்மண் மலைபோல் குவிந்து நிற்கிறது. சுரங்கத்துக்குள் விழும் மழைநீரும் இறைக்கப்படும் நிலத்தடி நீரும் வெளியேற்றப்பட வேண்டியிருக்கிறது. பரவனாறு போன்ற நீர்வழிகள் சுரங்க விரிவாக்கத்துக்கேற்ப திசைமாற்றப்படுகின்றன. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவிப் பகுதியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கியது, பரவனாற்றுக்கு நிரந்தர மாற்றுக் கால்வாய் வெட்டும் பணிக்காகவே. சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் நீர் மழைக்காலத்தில் தம் வயல்களை மூழ்கடிக்கிறது என்பது கீழ்ப்பகுதி விவசாயிகளின் நெடுநாள் குறை. 48 சென்டிமீட்டர் மழை இயற்கையின் செயல்; அந்த நீர் எந்த ஓடையில் எவ்வளவு வேகத்தில் பாயும் என்பதில் மனிதரின் முடிவுகளுக்கும் பங்கு உண்டு. முன்னதை வானிலைத் துறை கணிக்க முயலலாம். பின்னதைக் கணக்கிட வேண்டியவை நிலத்தின் அமைப்பை மாற்றும் நிறுவனமும் அதற்கு அனுமதி வழங்கும் அமைப்புகளும்.

இவ்வகை வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கமாக எடுத்துரைப்பது தெய்வச் செயல் என்ற வாதம். மனித ஆற்றலால் எதிர்பார்க்கவோ தடுக்கவோ முடியாத இயற்கை நிகழ்வுக்கு எவரும் பொறுப்பாகார் என்பது அதன் சாரம். குஜராத்தில் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தோட்டங்கள் அழிந்தது தொடர்பான வோரா சாதிக்பாய் வழக்கில் 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காமல், பெருமழை வரக்கூடியது என்பதை அறிந்து நீர்மட்டத்தை ஒழுங்குபடுத்தியிருக்க வேண்டிய அரசை இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கியது. சென்னையில் 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அவ்வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்ற வகையிலேயே மதிப்பிட்டது. இரண்டிலும் ஆய்வுக்குள்ளானது மழைக் கணிப்பின் துல்லியம் அன்று. கையிலிருந்த தகவலைக்கொண்டு மதகைத் திறப்பதிலும் மூடுவதிலும் எடுத்த முடிவு.

பழுதான மிதவையும் பாதுகாப்பற்ற தீவும்

அயல்நாட்டு வழக்குகள் இரண்டு இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்குகின்றன. 1980 நவம்பரில் அமெரிக்காவின் வடகிழக்குக் கடலில் முன்னறிவிக்கப்படாத புயலில் சிக்கி மீனவர் நால்வர் இறந்தனர். அப்பகுதியில் காற்றை அளக்கும் வானிலை மிதவை பழுதாகி, நெடுநாள் சீர்செய்யப்படாமல் கிடந்தது என்பது உறவினர்கள் தொடுத்த வழக்கின் அடிப்படை. கீழ்நீதிமன்றம் 1984இல் இதை ஏற்று இழப்பீடு வழங்கியது: வானிலையைத் தவறாகக் கணித்ததற்காக அன்று, கருவி பழுதானதை அறிந்தும் சரிசெய்யாமலும் அறிவிக்காமலும் இருந்ததற்காக. 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு தன் வளங்களை எதற்குச் செலவிடுவது என்பது அதன் கொள்கை முடிவு, அதன் மீது இழப்பீடு கோர இயலாது என்று கூறித் தீர்ப்பை மாற்றியது. இறுதி முடிவு அரசுக்குச் சாதகமானது எனினும், கீழ்நீதிமன்றம் எழுப்பிய கேள்வியின் வடிவம் கவனிக்கத்தக்கது. அதே கேள்வியை ஒக்கிக்குப் பொருத்தினால், கன்னியாகுமரிக் கடலுக்கு அப்பால் எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் கருவிகள் எவை இருந்தன, எவை இல்லை என்பது விசாரணைக்கு உரியதாகிறது.

நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவு 2019 டிசம்பர் 9 அன்று வெடித்து 22 பேர் இறந்தபின், பணியிடப் பாதுகாப்பு அமைப்பு வழக்குத் தொடர்ந்த தரப்புகளுள் அந்நாட்டின் புவி அறிவியல் நிறுவனமும் ஒன்று. எரிமலையின் அபாயத்தை மக்களுக்கு அறிவித்த முறை குறித்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. தன் பணிக்காக அத்தீவுக்கு ஹெலிகாப்டர் ஓட்டிச்சென்ற விமானிகளின் பாதுகாப்பை அவர்களுடன் கலந்து முறையாக உறுதிப்படுத்தவில்லை என்ற திருத்தப்பட்ட குற்றச்சாட்டை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. வெடிப்பைக் கணிக்காதது அன்று, அனைத்து நிறுவனங்களுக்கும் பொதுவான பாதுகாப்புக் கடமையில் தவறியதே அங்கும் தண்டனைக்கு உரியதாயிற்று.

தண்டனை அச்சத்தின் விலை

கணிப்பு பொய்த்ததற்கே தண்டனை என்றாகிவிட்டால், முன்னறிவிப்பாளருக்குத் தற்காப்பு எளிது: ஒவ்வொரு தாழ்வு மண்டலத்துக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிடலாம். அதன் விலையைக் கொடுப்பவர்கள் வேறு மனிதர்கள். கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் மீனவரின் வருமானம் அற்றுப்போகிறது; கூலித் தொழிலாளி வேலையிழக்கிறார்; பயனற்ற எச்சரிக்கைகள் பெருகப் பெருக, உண்மையான எச்சரிக்கையும் கேட்பாரற்றுப் போகிறது. ஐயத்தை ஐயமாகவே வெளியிடும் துணிவு ஓர் அறிவியல் துறையின் உயிர்ப்பு. நாளை இதைவிட மோசமாகலாம், ஆனால் எங்கே என்று தெரியவில்லை என்று சொல்லும் அதிகாரி அச்சமின்றி அதைச் சொல்ல முடிய வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அந்தத் துணிவைக் காப்பதால், அதை நீக்கக் கோருவது பொருத்தமன்று.

ஆனால் அதே விலக்கு, கடமையில் தவறிய அனைவரையும் ஒரே குடையின்கீழ் காத்துவிடவும் கூடாது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயலின் பாதை முன்பே கணிக்கப்பட்டிருந்தது. இருந்தும் கடலூர் மாவட்டத்தின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, குடிசைகள் பெயர்ந்தன. 2004 டிசம்பர் 26 அன்று இதே மாவட்டக் கடற்கரையில் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஆழிப்பேரலைக்கு எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007இல்தான் செயல்படத் தொடங்கியது. முன்னதில் கணிப்பு சரியாக இருந்தும் ஆயத்தம் போதவில்லை. பின்னதில் கணிக்கும் ஏற்பாடே இல்லை. தனி அறிவியலாளர் எவரும் இவ்விரண்டிலும் குற்றவாளியாக முடியாது. ஆனால் பொறுப்புடையோர் இல்லை என்பது இதன் பொருளாகாது.

சட்டம் கேட்க வேண்டியது

இதுவரை கண்டவற்றிலிருந்து, பேரிடருக்குப் பின் சட்டம் கேட்கத்தக்க கேள்விகளை வரிசைப்படுத்தலாம். அளவிட வேண்டியதை அளவிட்டார்களா, கருவி பழுதானபோது அதை வெளியிட்டார்களா என்பது முதற்கேள்வி. அறிந்ததை அறிந்த அளவிலேயே, அதன் ஐயத்துடன் சேர்த்து, உரியவருக்கு உரிய நேரத்தில் சொன்னார்களா என்பது இரண்டாவது. அறிவியல் தராத உறுதியை எவரேனும் மக்களுக்கு அளித்தார்களா என்பது மூன்றாவது. எச்சரிக்கையைப் பெற்றவர் அந்த நிலைக்கு முன்கூட்டியே எழுதிவைத்த நடவடிக்கையை எடுத்தாரா என்பது நான்காவது. நிலத்தையும் நீர்வழியையும் மாற்றியவர், அறியப்பட்ட மிக மோசமான மழையைக் கணக்கில்கொண்டு மாற்றினாரா என்பது ஐந்தாவது. கணிப்பு சரியாக இருந்ததா என்ற கேள்வி இவ்வரிசையில் இல்லை. அதை ஆராய வேண்டிய இடம் அறிவியல் மீளாய்வு, குற்றவியல் நீதிமன்றம் அன்று.

இக்கேள்விகளுக்கு விடை கிடைக்க இரண்டு ஏற்பாடுகள் இன்றியமையாதவை. முதலாவது, ஒவ்வொரு எச்சரிக்கையும் எந்த மணித்துளியில் வெளியானது, யாருக்குச் சென்றது, பெற்றவர் என்ன செய்தார் என்ற பதிவு அழியாமல் காக்கப்பட்டு, பெருநிகழ்வுக்குப் பின் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்; காயல்பட்டினமும் வயநாடும் அமைச்சர்களின் வாய்ச்சொல் போட்டியாக முடிந்ததற்கு இத்தகைய பொதுப் பதிவு இல்லாததும் ஒரு காரணம். இரண்டாவது, சுரங்க விபத்துக்கு விசாரணை மன்றம் இருப்பதைப்போல், பெரும் பேரிடர் ஒவ்வொன்றுக்கும் வானிலை, நீரியல், நிர்வாகம் ஆகிய துறையினரைக் கொண்ட நிரந்தர விசாரணை அமைப்பு வேண்டும். பழியைத் தீர்மானிப்பது அதன் முதற்பணியாக இருக்கக் கூடாது. கடமை மீறல் வெளிப்பட்டால் மட்டும் அதை வழக்குக்கு அனுப்பும் அதிகாரம் அதற்கு இருக்க வேண்டும். 56ஆம் பிரிவு, மறுப்பையும் விலகலையும் மட்டுமன்றி, எழுதிவைத்த கடமையைத் தெரிந்தே புறக்கணிப்பதையும் உள்ளடக்கும்படி திருத்தப்படலாம்.

நெய்வேலியின் சுரங்கத் தரை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிளக்காமல் இருப்பதற்குக் காரணம், நீரின் நடத்தையை எவரோ துல்லியமாக முன்னுரைத்தது அன்று. அளக்கவும் இறைக்கவும் அறிவிக்கவும் கடமைப்பட்டவர் யார், தவறினால் விளைவு என்ன என்பது எழுத்தில் இருந்ததும், அந்த எழுத்தைக் கேட்கும் அதிகாரம் ஓர் அமைப்புக்கு இருந்ததும் ஆகும். அந்த ஒழுங்கைச் சுரங்கத்தின் விளிம்போடு நிறுத்திக்கொள்ளச் சட்டத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. பெரியகாட்டுப்பாளையத்தின் ஓடைக்கும் அது நீட்டிக்கப்படுமானால், அடுத்த 48 சென்டிமீட்டருக்குப் பின் வானிலை ஆய்வாளரைக் கூண்டில் ஏற்றும் கோரிக்கை எழுவதற்கு முன்பே, கூண்டில் ஏற வேண்டியவர் இருக்கிறாரா, இருந்தால் அவர் யார் என்பதற்குப் பதிவேடு விடை சொல்லும்.